மாதம் நிறையாத மகள்

மார்ச் 3, ஞாயிறு

போதும். வாயை மூடிக்கொண்டு இருந்த காலம் போதும். கல்லூரியில் நன்னெறித் துறையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது நான் ஒன்றும் பேசவில்லை. நான் உருவாக்கிய பாடத்தை என்னிடம் படித்தவனே தன் பெயரில் நடத்தத் தொடங்கியபோதும் பேசவில்லை. என் மனைவி ரோகிணி பெட்டியைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனபோது டாக்சிக் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

காலையில் வாசலில் ஒரு சீனர் நின்றார். அறுபதைத் தாண்டியவர். கையில் ஒரு பை ஆரஞ்சு. கேட்டுக்கு வெளியில் இருந்தே தமிழில் கேட்டார்.

“பவளம் வீடு இதானே?”

அக்கா அடுப்படியிலிருந்து தோசைக் கரண்டியோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் பையை நழுவவிட்டார். பழங்கள் சாக்கடை வரைக்கும் உருண்டன.

“எங்கம்மா மூஞ்சி,” என்றார். “அப்படியே எங்கம்மா மூஞ்சி லா.”

அக்கா சீன வீட்டில் பிறந்தவள். எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. புலி ஆண்டில் பிறந்த பெண் குழந்தை குடும்பத்துக்கு ஆகாது என்று, பிறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டவள் என் அம்மா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் பிறந்தது சில வருடங்கள் கழித்துத்தான். அக்காவுக்குச் சீன மொழியில் ஒரு சொல் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்தி ஓய்ந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “பொண்ணு சீனப் பிள்ளையாமே” என்று எழுந்து போனார்கள். அந்த வீடுகளின் பெயர்கள் அத்தனையும் எனக்கு நினைவிருக்கின்றன. அக்காவுக்கு மறந்துவிட்டது என்கிறாள்.

வந்தவர் பெயர் லியோங் கம் வா. அக்காவின் உடன்பிறந்த அண்ணன். அவருடைய அப்பா தோட்டம் தோட்டமாக லாரியில் காய்கறி விற்றவர். கூடப் போனதில் இவருக்குத் தமிழ் வந்திருக்கிறது. தோட்டத்து மக்கள் ஒன்றுகூடிய படத்தை யாரோ இணையத்தில் போட, அதில் அக்காவைக் கண்டு தேடி வந்திருக்கிறார். அவருடைய அம்மா படுக்கையில் இருக்கிறாராம். நினைவு வருகிறதாம், போகிறதாம்.

“இவ்வளவு வருஷம் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“வழி தெரியும் சார். எங்க வீடு பாசிர் பிஞ்சி, இங்கேருந்து என்ன தூரம்? வர்றதுக்கு மூஞ்சிதான் இல்ல.”

அக்கா சாக்கடை ஓரம் குனிந்து ஆரஞ்சுகளைப் பொறுக்கினாள். “தவுக்கே, தோசை ஆறிப்போகுது. உள்ள வாங்க,” என்றாள், சீனக் கடை முதலாளியைக் கூப்பிடுவது போல.

ஆறு தோசை சாப்பிட்டார். வந்த வேலைக்கு இது அதிகம்.

மார்ச் 5, செவ்வாய்

குளியலறைக் குழாய் சொட்டுகிறது.

பொறுமையாக யோசித்துப் பார்த்தேன். என் முனைவர் பட்ட ஆய்வே சீன மரபுகளில் ‘தான்’ என்பது பற்றியதுதான். அதற்காகவே மாண்டரின் படித்தேன். கண்டனீசு ஈப்போத் தெருவில் ஓசியில் வந்தது. கன்பூசிய மரபில் உறவுக்கு வெளியே மனிதன் என்று ஒருவன் இல்லை. யாரும் மகளாகப் பிறப்பதில்லை. மகளாக நடத்தப்பட்டு, மகளாக நடந்து, மகள் ஆகிறாள். அதைச் செய்து தருவது சடங்கு. பிறந்து ஒரு மாதம் நிறைந்த அன்று முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி ஊருக்குக் கொடுத்து, பெயர் வைத்தால்தான் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. அக்காவுக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. ஆகவே அவர்கள் வழக்கப்படியே அவள் அவர்களுக்கு யாருமில்லை. கடமையும் இல்லை.

இதை அக்காவிடம் விளக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“அப்போ அங்க எனக்குப் பேரே வைக்கலியாடா?”

“இல்லை.”

“பாவம்.”

யாரைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

தாவோ மரபுக்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். வருவதை வரவிடு, போவதைப் போகவிடு, பள்ளத்தைத் தேடி இறங்கும் தண்ணீரைப் போல இரு என்பார்கள். இதை வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். நல்ல வரவேற்பு இருந்தது. வாஷர் வாங்க வேண்டும்.

மார்ச் 9, சனி

“நாளைக்குப் போறேன்,” என்றாள் அக்கா. “நீயும் வா. அவங்க பேசுறது எனக்குப் புரியாது. அந்த அண்ணன் பாதி தமிழ் பேசுது, பாதி அழுவுது.”

மொழிபெயர்ப்பாளனாகத்தான் போகிறேன். வேறு எதுவும் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

முன்கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். சாமி மேடையில் சிவப்பு பல்பு எரிந்தது. கட்டிலில் கிடந்தவரைக் கண்டதும் நான் பேச நினைத்திருந்த முதல் வாக்கியம் மறந்துபோனது. அக்காவின் முகம் அது. அக்காவுக்கு இன்னும் முப்பது வயது கூடினால் எப்படி இருப்பாளோ அப்படி. அந்த முகத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை வெறுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்கா அரக்குச் சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்துப் பூச்சூடி வந்திருந்தாள். கிழவி அந்தச் சேலையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். பல்லில்லாத வாயால் சிரித்தார்.

“தோட்டத்து அக்கா வந்துட்டியா?” என்றார், கண்டனீசில்.

கம் வா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, அது பவளத்தப் பாக்கல சார். பொடவை, பொட்டு எல்லாம் பாத்து, பிள்ளைய வாங்கிட்டுப் போன உங்கம்மான்னு நெனைக்குது.” அம்மாவின் பக்கம் குனிந்து திருத்தப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேணாண்ணே. அப்படியே இருக்கட்டும்.”

தவுக்கே எப்போது அண்ணனாக மாறினார் என்று தெரியவில்லை.

கிழவி கேட்டதை நான் தமிழில் சொன்னேன். “பிள்ளை பால் குடிக்குதான்னு கேக்குறாங்க. ராத்திரியில அழுவுதான்னு கேக்குறாங்க.”

“குடிக்குதும்மா. அழுறதே இல்ல, சமத்து,” என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, “விறைப்பா சொல்லாதடா. அம்மா பேசுற மாதிரி சொல்லு,” என்றாள்.

எங்கள் அம்மாவுக்குக் கண்டனீசு வராது. இருந்தாலும் முயன்றேன்.

கிழவி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். பிள்ளைக்கு என் மேல் கோபமா?

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். ஒரு சொல்லும் குறைக்காமல் அக்காவிடம் சொன்னேன்.

“சின்னப் பிள்ளைக்குக் கோவம் எங்கேருந்துடா வரும்? பசிதான் வரும்னு சொல்லு.”

சொன்னேன். கிழவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோபமாக இருப்பவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

வாஷர் அளவு தவறு. திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் முறைக்கிறான்.

மார்ச் 16, சனி

இரண்டாம் முறை. கம் வா டயப்பர் வாங்க வெளியே போயிருந்தார். நாங்கள் இருவரும் கிழவியும் மட்டும்.

இன்று கிழவி தெளிவாகப் பேசினார். அக்காவை, அதாவது எங்கள் அம்மாவை, பக்கத்தில் அழைத்தார். பிள்ளைக்கு மாதம் நிறையப் போகிறது, அந்த ஒரு நாள் மட்டும் கொடு, முட்டை வேகவைத்துச் சாயம் போட்டு ஒரு பேர் வைத்துவிட்டுச் சாயங்காலமே திருப்பித் தருகிறேன், மாமனாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

“என்னடா கேக்குறாங்க?”

“தண்ணி கேக்குறாங்க,” என்றேன்.

அதுவும் பொய் இல்லை. அவர் உதடு வறண்டுதான் இருந்தது. அக்கா கரண்டியால் தண்ணீர் புகட்டினாள். கிழவி இரண்டு மிடறு குடித்தார். பிறகு கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மொழிபெயர்ப்பில் எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது. மாணவர்களுக்கு இதை எப்போதும் சொல்வேன்.

மார்ச் 17, ஞாயிறு

கன்பூசிய மரபில் ஒரு குறை உண்டு. என் ஆய்வில் இதை எழுதாமல் விட்டது தவறு. மனிதன் என்பவன் அவனுடைய உறவுகள்தான் என்றால், உறவு ஒவ்வொன்றாகக் கழன்றவன் கதி என்ன? ஒருவனை எடுத்துக்கொள்வோம். மகனாக இருந்தான்; பெற்றோர் போய்விட்டார்கள். கணவனாக இருந்தான், அவள் போய்விட்டாள். ஆசிரியனாக இருந்தான், கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. தகப்பன் ஆகவே இல்லை. அவனிடம் மிஞ்சியிருப்பது தம்பி என்கிற ஒன்றுதான். நாளைக்கு அவன் அக்கா வேறு ஒரு வீட்டில், வேறு அண்ணன்மாருக்குத் தங்கையாகப் போய் உட்கார்ந்தால்?

இதைப் பொதுவான தத்துவச் சிக்கலாகத்தான் எழுதுகிறேன்.

அக்கா இன்று மீன் குழம்பு வைத்தாள். எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 20, புதன்

காலையில் துணி காயப்போட உதவினேன். போர்வையின் அந்த முனையை அவளும் இந்த முனையை நானும் பிடித்துப் பிழியும்போது சொல்லிவிட்டேன்.

“அன்னிக்கு அவங்க தண்ணி கேக்கல.”

“தெரியும்டா.”

“எப்படித் தெரியும்?”

“தண்ணி கேக்குறவங்க கைய இப்படியா நீட்டுவாங்க?” போர்வையை விட்டுவிட்டு, முழங்கையை மடக்கி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். “பிள்ளைய வாங்குற கை அது. உன்ன நான் எத்தன தடவ அம்மா கிட்டேருந்து அப்படி வாங்கியிருப்பேன்.”

“பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு விட்டுட்டேன்.” போர்வையின் முனையைத் திரும்பப் பிடித்தாள். “இப்ப ஒழுங்கா சொல்லு. என்ன கேட்டாங்க?”

எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, சாயம், பெயர், சாயங்காலம் திருப்பித் தருவது. கேட்டுவிட்டுப் போர்வையைக் கொடியில் போட்டு நான்கு கிளிப் மாட்டினாள்.

“முட்டைக்கு எந்தச் சாயம்டா போடுவாங்க?”

மார்ச் 23, சனி

கேசரிப் பவுடரில் முட்டை சிவக்காது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எடுத்தபோது எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. மறுபடி செய்ய நேரம் இல்லை. அப்படியே தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

கம் வா மூடியைத் திறந்து பார்த்தார். “ஐயா! என்ன கலர் லா இது? பிள்ளைக்கா, தைப்பூசத்துக்கா?”

“சாப்பிட்டா எல்லாம் ஒண்ணுதாண்ணே,” என்றாள் அக்கா.

கிழவி முட்டைகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். நிறத்தைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. நான் அவர் காதருகில் குனிந்து, பிள்ளைக்கு இன்று மாதம் நிறைகிறது, தோட்டத்து அக்கா கூட்டி வந்திருக்கிறார் என்றேன். அவர் முட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை நீட்டினார்.

அக்காவுக்கு முட்டிவலி. தரையில் உட்கார்வதற்கே கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். மெல்ல உட்கார்ந்து, பூ வைத்த தலையைச் சாய்த்து அந்தக் கைகளுக்குள் வைத்தாள். கிழவி தூக்கிப் பார்ப்பதுபோல் கையை அசைத்தார். என்னிடம் ஏதோ சொன்னார்.

“என்னடா சொல்றாங்க?” அக்காவின் குரல் போர்வைக்குள் இருந்து வந்தது.

“கனமாயிட்டாளாம். நல்லா சாப்பாடு போட்டு வளத்திருக்கியாம். அம்மாவுக்கு நன்றி சொல்றாங்க.”

அக்கா நிமிரவில்லை. கிழவி என்னைப் பார்த்து அடுத்ததைக் கேட்டார். என்ன பேர் வைத்தீர்கள்?

பவளம் என்றேன். கடலுக்கு அடியில் கிடைக்கும் சிவப்புக் கல் என்று கண்டனீசில் விளக்கினேன். அவர் அந்தப் பெயரைத் தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். “பா-வா-லாம்.” நல்ல பெயர், சிவப்பு நல்லது என்றார். கம் வா சமையலறைக்குப் போய் வெகுநேரம் எதையோ கழுவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் ஓட்டினேன். சிக்னல் விழுந்தது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 1, திங்கள்

விடிந்ததும் கம் வா கூப்பிட்டார். அவருடைய அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாராம். அக்கா வானொலியை நிறுத்தினாள். பிறகு வெள்ளைச் சேலையை இஸ்திரி போட எடுத்தாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வீட்டு வாசலில் பந்தல். தாவோ பூசாரி மஞ்சள் அங்கிக்குள் கைப்பேசி வைத்திருந்தார். அது அடிக்கடி அடித்தது. உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சட்டைக் கையில் சின்னச் சதுரத் துணி குத்துகிறார்கள். பிள்ளைகளுக்குக் கறுப்பு, பேரப்பிள்ளைகளுக்கு நீலம். எந்த நிறம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த வரிசையில் மண்டியிடுவது என்பதும்.

கம் வா ஒரு கறுப்புத் துணியோடு அக்காவிடம் வந்தார். அந்த வீட்டு மூத்த மருமகள் தடுத்தார். சண்டைக்கார அம்மா இல்லை. அழுது சிவந்த கண்ணோடு, நயமாகத்தான் சொன்னார். அடுத்த வீட்டுக்குக் கொடுத்த பிள்ளை. மாதம் நிறையவில்லை, பெயர் வைக்கவில்லை. விருந்தினர் பக்கம் நின்று ஊதுபத்தி காட்டட்டும், மரியாதை குறையாது.

கீரை ஆய்ந்த அன்று நான் அக்காவிடம் சொன்ன அதே வாதம். ஒரு சொல்கூட மாறவில்லை. வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு ஈரமில்லாமல் இருந்தது.

பூசாரி தோளைக் குலுக்கினார். யார் எங்கே மண்டியிட்டாலும் தனக்கு ஒன்றுதான், வெயில் ஏறுவதற்குள் சொல்லுங்கள் என்றார். கம் வா என் பக்கம் திரும்பினார்.

“சார், நீ டாக்டர் பட்டம். எங்க ஆளுங்க பழக்கம் எல்லாம் நீதானே படிச்சே. புக்குல என்ன போட்டிருக்கு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் விருந்தினர் பக்கம் போய் நின்றுவிடுவாள், கும்பிட்டுவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். என் பக்கம் ஆதாரமும் இருந்தது.

எல்லோருக்கும் கேட்கும்படி கண்டனீசில் சொன்னேன். வேறு வீட்டுக்குக் கொடுத்த பிள்ளையைப் பழைய முறை வெளியே நிறுத்துவதில்லை. பெற்ற தாய்க்குத் துக்கம் காக்கும்போது ஒரு படி கீழே இறக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, மாதம் நிறையவில்லை என்பது சரியில்லை. நிறைந்துவிட்டது. இந்த வீட்டில்தான் முட்டை வைத்தோம். பெயரை உங்கள் மாமியாரே கேட்டு, நல்ல பெயர் என்று சொன்னார்.

“ஆமா,” என்றார் கம் வா. “முட்டை கலர்தான் தப்பு.”

மூத்த மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவரே அந்தக் கறுப்புத் துணியை வாங்கி அக்காவின் ரவிக்கைக் கையில் குத்தினார். பிள்ளைகளுக்குப் பின்னால், பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பாய் விரித்தார்கள். அக்கா ஒருத்திக்கு மட்டுமான வரிசை.

அவளால் தனியாக மண்டியிட்டு எழ முடியாது. நான் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பூசாரி ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அவளோடு நானும் குனிந்தேன், அவளோடு நானும் எழுந்தேன். என் கையில் துணி இல்லாததைப் பார்த்து ஒரு பேரன், இந்த ஆள் யார் என்று கேட்டான்.

“அவ தம்பி,” என்றார் கம் வா. சற்று யோசித்து, “அப்போ எனக்கும் தம்பி லா,” என்றார்.

மறுத்துப் பேச நேரமில்லை. மணி அடித்துவிட்டது.

ஏப்ரல் 3, புதன்

மண் போட்டாயிற்று. அக்கா வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள். நான் அவள் அறை வாசலில் நின்றேன்.

“இனி அங்கதான் அடிக்கடி போவியா?”

“ஏண்டா, வழிய அடைச்சு நிக்கிற. எங்க போறேன்? அரிசி களையணும்.”

நகர்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கம் வா வந்தார். குழாயைப் பிரித்து, உள்ளே இருந்த பழைய வாஷரை எடுத்துக் காட்டி, “எந்த மடையன் ரெண்டு வாஷர் போட்டான்?” என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்த் தோசைத் தட்டைக் கொண்டுவந்தேன். எட்டு தோசை சாப்பிட்டார்.

அவர் போன பிறகு, இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். தாவோ, கன்பூசியம் வரும் இடங்களில் கொட்டாவி விட்டாள். மார்ச் 17 படித்தபோது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் தலையில் இருந்த நூலாம்படையை எடுத்துப் போட்டாள். நூலாம்படை இருந்ததா என்பது சந்தேகம்.

இவளைப் போலச் சீன வீட்டில் பிறந்து தமிழ் வீட்டில் வளர்ந்தவர்கள் எழுதும் பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. பெற்றவர்களைத் தேடுபவர்களும் பிள்ளையைத் தேடுபவர்களும் அங்கே வருகிறார்கள். சீன மொழியிலும் யாரோ மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். இதை அங்கே போடலாமா என்று கேட்டேன்.

“போடு.”

“என் பேர், பட்டம், பழைய கல்லூரி எல்லாம் போட்டா நம்புவாங்க.” மனத்துக்குள் அந்தக் கல்லூரிக்காரர்கள் படிக்கட்டும் என்றும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அக்கா யோசித்தாள்.

“பேர் போட்டா இது பவளத்தோட கதைன்னு ஆயிரும். அந்த அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. பிள்ளையக் கொடுத்துட்டு இன்னும் படுக்கையில கெடக்குறவங்க எத்தன பேரோ. யாராச்சும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டினா, இது எம் பிள்ளைதான்னு ஒருத்தியாச்சும் நெனச்சுக்கட்டுமே.”

பெயரை எடுத்துவிட்டேன். பட்டத்தையும் எடுத்துவிட்டேன். ஊர்ப்பெயர்களையும், மற்ற எல்லோருடைய பெயர்களையும் மாற்றிவிட்டேன். அக்காவுக்குச் சிவப்பான வேறொரு பெயர் வைத்திருக்கிறேன், அவள் சம்மதத்தோடு. கையெழுத்து இல்லாமல் இப்போது போடுகிறேன்.